விளக்கேந்திய சீமாட்டி படுக்கையில் கற்றது



கீரிமலைக் கேணியை அறியாதவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஒரு புறம் உவர்க்கடல், இடையில் ஒரு மதில், மறு புறம் நன்னீர் ஊற்று. நகுல முனிவர் என்பார் இந்நீரில் ஆடித் தமது கீரிமுகம் நீங்கப்பெற்றார் என்று சைவ அன்பர்கள் கூறுவர். ஊரின் பெயரும் அதனால் வந்ததென்பர். ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தவர்கள் திரள் திரளாய் வந்து நீராடிச் செல்கின்றனர். மற்ற நாட்களிலும் மனப்பாரத்தோடு வருகிறவர்கள், எம்மதத்தவராயினும், அக்கடலோரத்தில் சற்று நேரம் இருந்துவிட்டுப் போவதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

கேணிக்குப் போகும் தெருவிலே எனக்குத் தெரிந்த ஒரு வீடு உண்டு. 1990ஆம் ஆண்டில் விட்டோடி, எத்தனையோ இடங்களில் அலைந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின் திரும்பி வந்து, இடிந்த அத்திவாரத்தின் மேல் மறுபடி எழுப்பிய வீடு. அங்கே ஓர் ஆச்சி சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டுப் படுத்திருந்தார். நான் பார்க்கப் போனபோது மகளும் மருமகனும் வாசற்படியில் நின்று குசுகுசுத்தார்கள். ஆச்சி தலையைத் திருப்பியதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் உள்ளே போய், கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே, யோசிக்க ஒன்றுமில்லை, ஆண்டவர் இருக்கிறார், எல்லாம் சுகமாய் முடியும் என்று சொல்லி, ஆசீர் அளித்துவிட்டு, வேறொரு அலுவலுக்கு நேரமாகிறதென்று புறப்பட்டேன். ஆச்சி ஓம் சுவாமி என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று எனக்கு அது உறைக்கவில்லை. சில நாட்கள் கழித்து, தாதியர் தினத்துக்கு ஏதாவது எழுதவேண்டுமென்று ஒரு சிறு நூலைப் புரட்டினேன். நோயாளர் பராமரிப்பு பற்றிப் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டில் எழுதி முடித்த நூல் அது. அதிலே, நோயாளியின் அறைக்குள் வந்து நின்ற நிலையிலேயே சும்மா நம்பிக்கை வார்த்தைகளைக் கொட்டிவிட்டுப் போகிறவர்களுக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. வாசிக்க வாசிக்க, அம்மையார் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்து எழுதியதுபோல் இருந்தது. ஆகவே தாதியர் தினக் கட்டுரையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இவர் வாழ்க்கையை உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். விளக்கைக் கையில் ஏந்திய படத்தை நீங்கள் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். படுக்கையில் கிடந்த அம்மையாரைப் பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்லப்போகிறேன்.

அவர் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் அந்நகரின் பெயரையே இட்டனர். பெருஞ்செல்வக் குடும்பம். இங்கிலாந்தில் இரண்டு மாளிகைகள். கோடைக்கு ஒன்று, மாரிக்கு ஒன்று. தந்தையார் இரு பெண்மக்களுக்கும் கிரேக்கமும் இலத்தீனும் சரித்திரமும் தாமே கற்பித்தார். இளையவளான புளோரன்சுக்குக் கணக்கில் அடங்காத ஆசை. பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கென்று தாயார் கவலைப்பட்டார். வீணான கவலை; பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது அந்தக் கணக்குத்தான்.

1837ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள், பதினாறு வயதில், கடவுள் தம்மை ஊழியத்துக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். எந்த ஊழியம் என்பது தெரியவில்லை. அது நோயாளர் பணிதான் என்று தெளிந்து, 1845இல் ஓர் ஆஸ்பத்திரியில் பயிலப்போகிறேன் என்று வீட்டில் கேட்டபோது பூகம்பமே வெடித்தது. அக்காலத்துத் தாதியர் என்றால் குடிகாரிகள், ஒழுக்கம் கெட்டவர்கள் என்பது ஊர் வழக்கு. குடும்பத்தார் கடுமையாய் எதிர்த்தனர். நல்ல குணமுள்ள ஒரு கனவான் பல ஆண்டுகள் காத்திருந்து மணம் பேசியதையும் 1849இல் புளோரன்ஸ் மறுத்துவிட்டார்.

வாசகரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அழைப்புக் கிடைத்த நாள் முதல் வேலை கிடைத்த நாள் வரை பதினாறு ஆண்டுகள். பஞ்சு மெத்தையும் பணியாட்களும் உள்ள வீட்டில், செய்ய ஒன்றுமில்லாமல், நாளைக்கு என்ன ஆகுமோ என்று ஏங்கிக் கழித்த ஆண்டுகள். எங்கள் ஊரில் கவலைக்கு யோசனை என்றுதானே பெயர்? ஆச்சி யோசிக்கிறா என்றால் ஆச்சி கவலைப்படுகிறா என்று பொருள். வைத்தியர்கள் அதைப் பதகளிப்பு என்பார்கள். புளோரன்சுக்கு அது இரவு நித்திரையைத் தின்றது, உணவைத் தின்றது. முப்பது வயதாகும்போது சாவே மேல் என்று குறிப்பேட்டில் எழுதுமளவுக்குக் கொண்டுபோனது. பதகளிப்பு என்பது உடலையே முறிக்கும் ஒன்று என்பதை அவர் புத்தகத்திலே படித்து அறியவில்லை.

அந்த இருண்ட ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த ஒளிகளில் சில எங்கள் திருச்சபையின் பக்கத்திலிருந்து வந்தவை. 1847–48 மாரிகாலத்தில் குடும்ப நண்பர்களோடு உரோமாபுரிக்குப் போனவர், அங்கே ஒரு கன்னியர் மடத்தில் சாந்த கொலொம்பா என்னும் மதரின் வழிநடத்துதலில் சில நாட்கள் தியானம் செய்தார். 1851இல் ஜேர்மனியில் கைசர்ஸ்வேத் என்ற இடத்தில் லூத்தரன் சபைப் பெண்கள் நடத்திய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பயின்றார். 1852இல் கத்தோலிக்க மறையில் சேரலாமா என்று, பிற்காலத்தில் கர்தினாலான மானிங் சுவாமியாருக்கு எழுதிக் கேட்டார். அவர் அவசரப்படவில்லை, இவருடைய மனம் அதற்கு ஆயத்தமாகவில்லை என்று கண்டு, பாரிசில் பிறரன்புச் சகோதரிகளிடம் நோயாளர் பணி பார்க்க மட்டும் வழி செய்துகொடுத்தார். அம்மையார் கடைசி வரை அங்கிலிக்கன் சபையிலேயே இருந்தார். அவரை எங்கள் பக்கம் இழுத்து எழுதுவது நேர்மையல்ல. எங்கள் கன்னியரிடம் அவர் கற்றார் என்பது மட்டும் உண்மை.

1853 ஓகஸ்டில் முதல் வேலை. இலண்டனில் ஹாலி வீதியில், வறுமைப்பட்ட நற்குடிப் பெண்களுக்கான சிறு ஆஸ்பத்திரியின் மேற்பார்வை. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்து ஓடாய்த் தேய்ந்து, முதுமைக்கு ஒரு சதமும் இல்லாமல், அந்த ஏக்கத்தாலேயே படுத்துவிட்ட ஆசிரியைகள் பலர் அங்கே இருந்தனர். நிர்வாகக் குழு தங்கள் சபையினரை மட்டுமே சேர்ப்போம் என்றது. கத்தோலிக்கரும் யூதரும் சேர்க்கப்படாவிட்டால் எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று அம்மையார் நின்றார், வென்றார். அங்கே அவர் செய்த மாற்றங்களில் ஒன்று மிகச் சிறியது, ஆனால் எனக்கு மிகப் பிடித்தது. நோயாளி மணியை இழுத்தால் யார் இழுத்தார் என்று தாதிக்கு உடனே தெரியும்படி ஒரு பொறி வைத்தார். உணவை மேல்மாடிக்கு ஏற்றக் கப்பியில் ஓடும் பெட்டி ஒன்றையும் வைத்தார். அழைத்தால் ஆள் வரும் என்று தெரிந்தால் பாதி அழைப்பு தேவைப்படாது. தெரியாதபோதுதான் நோயாளி படுக்கையில் கிடந்து புழுங்குகிறார்.

அடுத்த ஆண்டு கிறிமிய யுத்தம். அதை நீங்கள் அறிவீர்கள், ஆகையால் விரைவாய்ச் சொல்கிறேன். 1854 ஒக்டோபர் 21ஆம் நாள் 38 பெண்களுடன் புறப்பட்டார். அவர்களில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். நவெம்பர் 4ஆம் நாள் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி சேர்ந்தார்கள். பெரியதொரு படைமுகாமை ஆஸ்பத்திரி என்று பெயரிட்டு வைத்திருந்தார்கள். படுக்கைகளை வரிசையாய் வைத்தால் ஏறத்தாழ 4 மைல். எலி, பேன், நிரம்பி வழியும் கழிவுக் குழி.

அந்த நரகத்தில் அம்மையார் செய்தவற்றில் சுத்தத்தையும் சமையலையும் எல்லோரும் சொல்வர். நான் வேறு சிலவற்றை எண்ணிப் பார்க்கிறேன். காலையோ கையையோ வெட்டி எடுக்கும் சிகிச்சை மற்றவர்களின் கண்முன்னே, அதே அறையில் நடந்துவந்தது. அடுத்ததாக வெட்டப்பட இருப்பவன் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். அம்மையார் ஒரு மறைப்புத் தட்டி தருவித்து வைத்தார். ஒரு சீலைத் தட்டி, அவ்வளவுதான். எழுத முடியாத சிப்பாய்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார்; இறந்தவர்களின் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் தாமே எழுதினார். சம்பளத்தைக் குடித்துத் தீர்க்கிறவர்கள் என்று அதிகாரிகள் ஏசிய அதே சிப்பாய்களுக்கு வீட்டுக்குப் பணம் அனுப்ப ஒரு வழி செய்தார். அதை அரசாங்கமே ஏற்று அலுவலகம் திறந்தபோது ஆறு மாதத்தில் 71,000 பவுண் ஊருக்குப் போயிற்று. மனைவி பிள்ளைகள் சாப்பிட்டார்களோ என்ற யோசனை நீங்கினால் காயமும் ஆறும் என்று அவர் கண்டிருந்தார். வாசிகசாலை வைத்தார், கோப்பிக் கடை வைத்தார். இரவிலே விளக்கோடு நடந்தது கூட மருந்து கொடுக்க மட்டுமல்ல. இருட்டில் விழித்துக் கிடப்பவனுக்கு, ஒருத்தி வருவாள், இந்த வரிசைக்கும் வருவாள் என்ற நிச்சயம் வேண்டியிருந்தது.

1855 மே மாதம் கிறிமியாவுக்குக் கடல் கடந்து போன இடத்தில் அவரே கடுங்காய்ச்சலில் விழுந்தார். பலக்லாவாவின் மலைமேல் ஒரு மரக் குடிசையில் கிடத்தினார்கள். பிழைப்பாரோ என்று சேனை முழுவதும் கலங்கியது. அந்நாட்களைப் பற்றிப் பிற்பாடு அவர் எழுதியவற்றில் இரண்டு விஷயங்கள். ஒன்று, படுத்த இடத்திலிருந்து யன்னலுக்கு வெளியே பார்க்க முடியாமல், பலகையிலுள்ள மரக்கணுக்களையே நாள் முழுதும் பார்த்துக்கொண்டு கிடப்பதன் வேதனை. மற்றது, யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு பிடி காட்டுப்பூ. அந்தப் பூ வந்த நேரம் முதல் தமது உடம்பு விரைவாய்த் தேறத் தொடங்கியது என்று அவர் நம்பினார். கவிதைக்காக அவர் அதைச் சொல்லவில்லை. நிறமும் வடிவமும் நோயாளியின் உடலில் வேலை செய்கின்றன என்றும், எப்படி என்று தெரியாவிட்டாலும் செய்வது நிச்சயம் என்றும் வாதித்தார்.

கன்னியரைப் பற்றி ஒரு வார்த்தை. இலண்டன் பேர்மொண்ட்சி மடத்து இரக்கத்தின் சகோதரிகளின் தலைவி மதர் கிளேயர் மூர் அங்கே அவருக்கு வலக்கையாய் இருந்தார். தலைமைப் பொறுப்புக்குத் தம்மைவிட அவரே தகுதியானவர் என்று அம்மையார் ஒளிக்காமல் எழுதினார். எல்லாக் கன்னியரோடும் அப்படி என்று நினைக்கவேண்டாம். மதர் பிரிட்ஜ்மன் தலைமையில் பின்னர் வந்த அயர்லாந்துச் சகோதரிகளோடு அவருக்கு ஒத்துவரவேயில்லை. அதிகாரம் யாருடையது என்ற சண்டை. இரு பக்கத்திலும் நல்லவர்கள் இருந்தார்கள். இரு பக்கத்திலும் பிடிவாதமும் இருந்தது. பங்குச் சபைகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

1856 ஓகஸ்டில் நாடு திரும்பியபோது மேளதாளத்தோடு வரவேற்க இங்கிலாந்து காத்திருந்தது. அவர் யாருக்கும் சொல்லாமல் வந்து, காலை எட்டு மணிக்குப் பேர்மொண்ட்சி மடத்துக் கதவைத் தட்டினார். அன்று கன்னியரின் வருடாந்தத் தியானத்தின் முதல் நாள். சில மணி நேரம் அவர்களோடு மௌனமாய் இருந்துவிட்டுத் தனியே வீட்டுக்குப் போனார்.

பிறகுதான் பேரிடி. சேனையின் சாவுக் கணக்குகளை, வில்லியம் பார் என்ற கணக்கறிஞரின் துணையோடு அலசினார். குண்டுபட்டு இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்கள் பல மடங்கு. ஸ்கூட்டாரியிலோ, அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் சாவு ஏறியிருந்தது. 1855 பெப்ரவரியில் நூற்றுக்கு 42. மார்ச்சில் சுகாதார ஆணைக்குழு வந்து, கழிவுக் குழிகளைத் தோண்டித் துப்புரவாக்கி, நீர்க்காலில் அழுகிக் கிடந்த குதிரையை எடுத்து எறிந்து, காற்றோட்டத்துக்கு வழி செய்த பின், யூனில் நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியிருந்தது. தாம் இரவு பகலாய்க் காத்துநின்ற அந்தக் கட்டடமே அவர்களைக் கொன்றது என்பதை அவர் எண்களில் கண்டார். 1857 ஓகஸ்டில் அவர் முறிந்து விழுந்தார். கிறிமியக் காய்ச்சல் உடலில் தங்கி மீண்டும் மீண்டும் வந்தது என்பது இக்கால வைத்தியர் சிலரின் கருத்து. அந்தக் கணக்கின் பாரமே வீழ்த்தியது என்பாரும் உளர். இரண்டும் சேர்ந்திருக்கலாம். உடலையும் மனதையும் அப்படி இரண்டாய்ப் பிரிக்க அவரே விரும்பமாட்டார்.

அப்போது வயது 37. அதன் பிறகு பல ஆண்டுகள் படுக்கையிலும் சாய்வுக் கட்டிலிலுமே கழிந்தன. பார்க்க வருகிறவர்களை ஒருவர் ஒருவராகத்தான் விடுவார். துணைக்குப் பூனைகள். அந்தப் படுக்கையிலிருந்துதான் சேனைச் சுகாதாரத்தைத் திருத்தினார், வட்டப் படங்களாய்ச் சாவுக் கணக்கை வரைந்து மந்திரிமாருக்குக் காட்டினார். 1858இல் பிரித்தானியப் புள்ளிவிபரச் சங்கத்தின் முதற்பெண் உறுப்பினரானார். 1860இல் இலண்டன் புனித தோமையார் ஆஸ்பத்திரியில் தாதியர் பயிற்சிக் கல்லூரி அவர் பெயரால் திறக்கப்பட்டது. குடியேற்ற நாடுகளின் சுதேசப் பாடசாலைகள், ஆஸ்பத்திரிகள் பற்றி 1863இல் அவர் வெளியிட்ட கணக்கில் எங்கள் இலங்கையும் இடம்பெற்றது. அந்தப் படுக்கையிலிருந்துதான், முன் சொன்ன அந்தச் சிறு நூலும் வந்தது.

அந்நூலை அவர் தாதியருக்கென்று மட்டும் எழுதவில்லை. என்றாவது ஒருநாள் வீட்டில் ஒருவரைப் பராமரிக்க நேரிடும் எல்லாப் பெண்களுக்கும் எழுதினார். ஆண்களையும் சேர்த்துக்கொள்ளலாம், குறிப்பாக என்னைப் போன்றவர்களை. அதன் சாரத்தை என் வார்த்தையில் தருகிறேன்.

நோயாளிக்கு உடல் உழைப்பைவிட அதிகம் கெடுதல் செய்வது ஐந்து: பயம், நிச்சயமின்மை, காத்திருத்தல், எதிர்பார்ப்பு, திடீரென்று ஏதும் நேருமோ என்ற அச்சம். சுகதேகி தெருவில் இறங்கி நாலு பேரோடு பேசித் தன் யோசனையை மறப்பான். படுத்திருப்பவனுக்கு ஓட இடமில்லை. தன் பகைவனோடு தனியே அடைக்கப்பட்டு, மணிக்கணக்காக மனதுக்குள் அவனோடு வாதாடுகிறான். ஆகையால் இந்த யோசனையைக் குறைப்பது இரக்கச் செயல் மட்டுமல்ல, பராமரிப்பின் ஒரு பாகமே என்பது அம்மையார் கண்டது. எப்படிக் குறைப்பது? அவர் சொல்லும் வழிகளில் பணம் செலவாகும் ஒன்றும் இல்லை. நோயாளியின் முகத்துக்கு நேரே, அவர் தலையைத் திருப்பாமல் பார்க்கக்கூடிய இடத்தில் உட்காருங்கள். முதுகுக்குப் பின்னாலிருந்தும் கதவடியிலிருந்தும் பேசாதீர்கள். நிற்காதீர்கள், நிற்பவர் போகப்போகிறவர். அறைக்குள்ளோ வாசலிலோ குசுகுசுக்காதீர்கள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். வெளியே போவதானால் எப்போது போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்ன மணிக்கு வாருங்கள். நித்திரையின் முதற்பகுதியில் எழுப்பாதீர்கள். கட்டிலை யன்னலிலிருந்து வெளியே தெரியும்படி போடுங்கள். கூட்டுக் குருவி ஒன்று சில வேளை நெடுநாள் நோயாளிக்கு ஆளைவிட நல்ல துணை.

இனி அந்த நம்பிக்கை வார்த்தைக்காரரிடம் வருவோம். உமக்கு ஒன்றுமில்லை, சீக்கிரம் எழும்புவீர் என்று சொல்லுகிறவர் தம்முடைய மனதைத்தான் தேற்றிக்கொள்கிறார் என்கிறார் அம்மையார். தன் நிலையை நன்கு அறிந்த நோயாளிக்கு அது தரும் செய்தி வேறு: இவரோடு என் பயத்தைப் பேச முடியாது. ஆகவே ஓம் என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறார். முன்னிருந்ததைவிடத் தனியனாகிறார். கீரிமலை ஆச்சி ஏன் சுவர்ப்பக்கம் திரும்பினார் என்று எனக்கு இங்கேதான் விளங்கிற்று.

ஒரு படுக்கை நோயாளியின் அனுபவம்தானே, எல்லோருக்கும் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். எண்ணிப் பார்த்துத்தான் எதையும் நம்பவேண்டும் என்று சொன்ன அவரே அக்கேள்வியை வரவேற்றிருப்பார். நூறு ஆண்டுகளுக்குப் பின் பிறர் அதை எண்ணிப் பார்த்தார்கள். 1964இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், வயிற்றில் சத்திரசிகிச்சைக்கு வந்த 97 பேரை இரு பகுதியாக்கினார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கப்படி வலியைப் பற்றி ஒன்றும் விளக்கவில்லை. மறு பகுதியினருக்கு, விழித்ததும் எங்கே நோகும், எவ்வளவு காலம் நோகும், எப்படிப் புரண்டால், எப்படி மூச்சு விட்டால் குறையும் என்று முன்னதாகவே சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லப்பட்டவர்களுக்கு வலி மருந்து ஏறத்தாழ அரைவாசி போதுமாயிருந்தது. இரண்டு மூன்று நாள் முந்தியே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1970களில் இங்கிலாந்தின் தாதிய ஆராய்ச்சியாளர்களான ஹேவாட், ஜெனிபர் பூவர் ஆகியோர் இதே வழியில் ஆராய்ந்து, முன்கூட்டிச் சொல்லும் தகவலும் ஒரு மருந்தே என்று காட்டினர். 1984இல் வெளியான மற்றோர் ஆய்வு யன்னலைப் பற்றியது. ஒரே வகைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 பேரில், மரங்கள் தெரியும் யன்னலருகே கிடந்த 23 பேர், செங்கற் சுவரைப் பார்த்துக் கிடந்த 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர். கடும் வலி மருந்தும் குறைவாகவே கேட்டனர். பலக்லாவாக் குடிசையின் மரக்கணுக்கள் என் நினைவுக்கு வந்தன.

பயத்தைக் கிளறிவிடுவோமோ என்றுதான் எங்கள் குடும்பங்களில் உண்மையை மறைக்கிறோம். அன்பினால்தான். ஆனால் சொல்லப்படாத இடத்தை நோயாளியின் மனம் வெறுமையாய் விடுவதில்லை. அதிலும் எங்கள் மக்கள் ஏற்கெனவே செல்லுக்கும் இடப்பெயர்வுக்கும் காணாமற்போனோரைத் தேடலுக்கும் முகம் கொடுத்தவர்கள். கதவடியில் தாழ்ந்த குரலைக் கேட்டால், ஓடவேண்டியிருக்கிறதோ என்று இன்னும் திடுக்கிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அம்மையாரைப் பிழையற்றவராகக் காட்ட நான் முயலவில்லை. நாவு கூர்மையானது. நண்பர்களை வேலை வாங்கி வாங்கிக் களைக்கச் செய்தார். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பதை வெகுகாலம் ஏற்க மறுத்தார். தாதியரைப் பரீட்சை வைத்துப் பதிவு செய்வதை எதிர்த்து நின்றார். நல்ல மனதைப் பரீட்சையில் அளக்க முடியாது என்பது அவர் கட்சி. ஆனால் தம் கல்லூரிப் பெண்களைத் தேநீருக்கு அழைத்துப் பேசுவார். 1872 முதல் அவர்களுக்குப் புத்திமதிக் கடிதம் எழுதிவந்தார். பராமரிப்பவருக்கும் யோசனை உண்டென்பதை மறக்கவில்லை. மதர் கிளேயரோடு நட்பு 1874இல் அந்த மதர் இறக்கும் வரை நீடித்தது. கத்தோலிக்க ஞானிகளின் நூல்கள் மடத்திலிருந்து அவர் படுக்கைக்கு வந்துகொண்டிருந்தன.

1907இல் பிரித்தானிய அரசர் அவருக்கு மிகப் பெரும் விருதொன்றை வழங்கினார். பெண் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. அதற்குள் கண்பார்வை போயிருந்தது, நினைவும் மங்கியிருந்தது. 1910 ஓகஸ்ட் 13ஆம் நாள் நித்திரையிலேயே உயிர் பிரிந்தது. வயது 90. மன்னர்கள் உறங்கும் வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தது. குடும்பத்தார் அவர் விருப்பப்படி மறுத்து, கிராமத்துக் கோவில் ஒன்றின் சேமக்காலையில் பெற்றோரருகே அடக்கினர். கல்லறையில் முழுப்பெயர் இல்லை. இரண்டு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த நாட்களும் மட்டும்.

2020ஆம் ஆண்டு, அவர் பிறந்து 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, தாதியர் ஆண்டாக உலக சுகாதார நிறுவனத்தால் குறிக்கப்பட்டிருந்தது. விழாக்கள் நடக்கவில்லை, கொரோனா வந்துவிட்டது. பிள்ளைகள் அருகே போக முடியாத விடுதிகளில், முகத்தை மறைத்த உடைக்குள்ளிருந்து ஒரு தாதி கையைப் பிடித்துக்கொண்டிருக்க, பலர் கண் மூடினார்கள்.

நூலை வாசித்து முடித்த வாரம் நான் மறுபடி கீரிமலைக்குப் போனேன். இம்முறை கதிரையை இழுத்து ஆச்சியின் முகத்துக்கு நேரே போட்டு இருந்தேன். ஒரு மணி நேரம் இருப்பேன் என்று முதலிலேயே சொன்னேன். என்ன யோசனை என்று கேட்டேன். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாய் வந்தது. சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மயக்க மருந்தில் ஏதும் உளறிவிடுவேனோ. இராத்திரியில் பக்கத்தில் யார் இருப்பார்கள். கழுத்திலுள்ள செபமாலையைக் கழற்றச் சொல்வார்களோ. திரும்பி வரும்போது கோழிகள் இருக்குமோ. நாலு கேள்விகள். கோழிக்கு மட்டும் மருமகன் அந்த இடத்திலேயே பதில் சொன்னார். மற்ற மூன்றையும் மகள் கிளினிக்கில் ஒரு தாதியிடம் கேட்டு, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து ஆச்சிக்கு வாசித்துக் காட்டினாராம். அந்தத் தாளைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டில் யன்னலடிக்கு மாறிவிட்டது. கேணிக்குப் போகிற வான்களை எண்ணுவது அவருக்கு ஒரு வேலை. ஆடி அமாவாசையன்று எத்தனை என்று கேட்டேன். நூறுக்கு மேல் எண்ணிப் பிழைத்துப்போய், அலுத்து நித்திரையாகிவிட்டாராம்.